விசிலின் ஒலியும் உள்ளத்தின் தராசும்

நடுவர் ஊதிய விசில் ஒன்று. அதைக் கேட்ட செவிகளோ கோடிக்கு மேல். அந்த ஓர் ஒலி சிலருக்கு நீதியின் குரலாகக் கேட்டது. சிலருக்கு அநீதியின் குரலாகக் கேட்டது. ஒலி ஒன்றாயிருக்கக் கேட்டது இரண்டானது எவ்வாறு? பிழை ஒலியில் இருந்ததா, செவியில் இருந்ததா, அன்றிச் செவிக்கும் அப்பால் இருக்கும் உள்ளத்தில் இருந்ததா? இக்கேள்வியை எழுப்பியது ஒரு விளையாட்டுத்தான். ஆயினும், விளையாட்டில் எழும் கேள்விகள் எல்லாம் விளையாட்டுத் திடலோடு முடிந்துவிடுவதில்லை.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கல்லூரிப் பெண்களுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டியின் அரையிறுதி ஆட்டம். ஒருபுறம் ஐயோவா பல்கலைக்கழக அணி. மறுபுறம் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி. ஆட்டம் முடியும் தறுவாயில் ஐயோவா 70, கனெக்டிகட் 69. பந்து கனெக்டிகட்டின் கையில். ஒரே ஒரு முறை பந்து கூடைக்குள் விழுந்தால் போதும். இறுதி ஆட்டத்தின் வாசல் திறந்துவிடும். அந்த வேளையில்தான், 3.9 விநாடிகள் எஞ்சியிருக்கையில், விசில் ஒலித்தது. கனெக்டிகட்டின் ஆலியா எட்வர்ட்ஸ் தவறு செய்தார் என்பது தீர்ப்பு. பந்து கை மாறியது. ஐயோவா 71-69 என்று வென்றது.

அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட தவறு என்ன? கூடைப்பந்தில் தன் அணித் தோழிக்கு வழி உண்டாக்க, அவளைத் துரத்தி வரும் எதிரணிப் பெண்ணின் பாதையில் ஒருத்தி தூண்போல் நிற்கலாம். இதற்குத் திரையிடுதல் என்று பெயர். விதி இதனை அனுமதிக்கிறது. ஆனால் நிற்பவள் நிற்கத்தான் வேண்டும். வருகிறவள் மீது சாய்ந்தாலும், இடுப்பாலோ முழங்கையாலோ இடித்தாலும், அடியெடுத்து நகர்ந்தாலும் அது ஃபவுல். பேஜ் பெக்கர்ஸுக்கு வழி உண்டாக்க எட்வர்ட்ஸ் திரையிட்டார். ஐயோவாவின் கேபி மார்ஷல் அதில் மோதினார். எட்வர்ட்ஸ் நகர்ந்தாரா, நின்றாரா? கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிந்த இந்த நிகழ்ச்சியைத்தான் இலட்சக்கணக்கானோர் திரும்பத் திரும்பப் படத்தில் பார்த்தனர், பார்த்தும் ஒருமைப்படவில்லை.

கனெக்டிகட்டை நேசித்தவர்கள் சொன்னார்கள்: ஆட்டம் முழுவதும் இத்தகைய உராய்வுகள் நடக்கின்றன, அவற்றைக் கண்டும் காணாதவராய் இருந்துவிட்டு, கடைசி நான்கு விநாடிகளில் மட்டும் கண் விழிப்பது நீதியாகுமா? முடிவை ஆடுகின்ற பெண்களிடம் அல்லவா விட்டிருக்க வேண்டும்? ஐயோவாவை நேசித்தவர்கள் மறுமொழி கூறினார்கள்: தவறு என்பது முதல் நிமிடத்திலும் தவறுதான், கடைசி விநாடியிலும் தவறுதான். கடிகாரத்தைப் பார்த்து விதி வளையுமானால், அது விதியே அன்று.

சற்று நிதானித்துப் பார்ப்போம். இவ்விரண்டும் வெறுங்கூச்சல் அல்ல. நெடுநேரம் பொறுத்த ஒன்றைத் திடீரெனத் தண்டிக்கக் கூடாது என்பது ஒரு நியாயம். சட்டம் எந்த நேரத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது மற்றொரு நியாயம். நீதிமன்றங்களும் இவ்விரண்டுக்கும் இடையே நின்று தத்தளித்திருக்கின்றன. ஆகவே எது சரி என்பதை நாம் ஈண்டு ஆராயப் புகவில்லை. நாம் கேட்பது வேறு. அதே திரையை, அதே விநாடியில், ஐயோவாப் பெண் ஒருத்தி இட்டிருந்தால்? இரு சாராரும் தத்தம் கொள்கையைக் கையோடு வைத்திருந்திருப்பார்களா, அல்லது ஒருவர் கொள்கையை மற்றவர் வாங்கிக்கொண்டிருப்பார்களா?

இதற்கு விடை தேடக் கற்பனை வேண்டியதில்லை. ஓராண்டு பின்னோக்கிச் சென்றால் போதும். 2023 ஏப்ரல் 2ஆம் நாள், டல்லஸ் நகரில் இறுதி ஆட்டம். ஐயோவாவும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் மோதின. லூசியானா 102-85 என்று வென்றது. ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில், விசில் ஊதிய பின் பந்தை நடுவரிடம் கொடுக்காமல் முதுகுப்புறமாக வீசிய கெய்ட்லின் கிளார்க்குக்கு டெக்னிக்கல் ஃபவுல் விதிக்கப்பட்டது. ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக அவ்வணிக்கு ஏற்கெனவே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது; இரண்டாம் முறை தண்டனை என்பது விதி. ஐந்து ஃபவுல் சேர்ந்தால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில், கிளார்க்குக்கு இது நான்காவது. அன்று ஐயோவாவின் அன்பர்கள் பலர் கேட்டது என்ன? ‘இத்தனை பெரிய ஆட்டத்தில், இத்தனை சிறிய செயலுக்கு, விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதா?’ என்றுதான். விதியின் எழுத்து அன்று அவர்களுக்குக் கொடுமையாகத் தெரிந்தது. மறு ஆண்டு அதே எழுத்து அவர்கள் பக்கம் விழுந்தபோது, அது நீதியாகத் தெரிந்தது. எழுத்து மாறவில்லை, அது விழுந்த பக்கந்தான் மாறிற்று.

ஐயோவாக்காரர்களைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவர்கள் இடத்தில் எவர் இருந்தாலும் இதுவே நடந்திருக்கும். இதற்குச் சான்றாக ஒரு பழைய ஆய்வு உண்டு. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்னும் இரு அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள், அந்நாட்டு முறைக் காற்பந்தில் மோதின. ஆட்டம் முரட்டுத்தனமாக நடந்தது. ஒருவருக்கு மூக்கு உடைந்தது. எதிரணியில் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்னும் உளவியல் அறிஞர் இருவர், அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு பல்கலைக்கழகத்து மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, கண்ட தவறுகளைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் மாணவர்கள் தம் அணி செய்ததாகக் கண்ட தவறுகளைப்போல் இரு மடங்குக்கும் மேலாக, பிரின்ஸ்டன் மாணவர்கள் டார்ட்மத் அணியிடம் கண்டார்கள். படம் ஒன்று, பார்த்த ஆட்டம் இரண்டு. 1954இல் வெளியான இந்த ஆய்வின் நெஞ்சைத் தைக்கும் செய்தி இதுதான்: அம்மாணவர்கள் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதையே சொன்னார்கள்.

பொய்யனைத் திருத்துவது எளிது; அவன் உள்ளத்துக்கே தன் பொய் தெரியும். உண்மையென்று நம்பிப் பிழையாகக் காண்பவனை எப்படித் திருத்துவது? அன்பு கண்ணை மூடிவிடுகிறது என்பார்கள். மூடினாலாவது நலம், ‘எனக்குத் தெரியவில்லை’ என்று ஒதுங்கிவிடலாம். அன்பு கண்ணை மூடுவதில்லை. எதிரி பக்கம் அகலத் திறந்தும், தன் பக்கம் பாதி சாத்தியும் வைக்கிறது. அதனால்தான் தன் பார்வையில் குறை இருப்பதே அவனுக்குத் தெரிவதில்லை.

நடுவர் மட்டும் இதற்கு விலக்கா? அவரும் மனிதரே. 2002இல் இங்கிலாந்தில் நெவில் என்பவரும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தகுதி பெற்ற காற்பந்து நடுவர்கள் 40 பேருக்கு, ஓர் ஆட்டத்தில் நடந்த 47 மோதல்களைப் படமாகக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் ஆரவாரத்தோடு. சிலருக்கு ஓசையே இல்லாமல். ஆரவாரத்தைக் கேட்டவர்கள், சொந்த ஊர் அணியின்மீது சுமத்திய தவறுகள் ஓசையின்றிப் பார்த்தவர்கள் சுமத்தியவற்றைவிடக் குறைவாக இருந்தன. ஆட்டம் வேறாயினும் மனித மனம் ஒன்றே. ‘நடுவர் ஒரு பக்கம் சாய்கிறார்’ என்று கூச்சலிடும் கூட்டமே, தன் கூச்சலால் அவரைச் சாய்க்கிறது. தராசு சரியில்லை என்று புலம்புகிறவன், புலம்பிக்கொண்டே ஒரு தட்டில் தன் கையை ஊன்றுகிறான்.

நடுவரின் நடுநிலை ஓர் அமானிதம் என்பதை அப்போட்டியை நடத்துவோரும் உணர்ந்தே இருக்கிறார்கள். 2024 மார்ச் மாதத்தில் வடக்குக் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் சட்டனூகா பல்கலைக்கழகமும் ஆடிய முதற்சுற்று ஆட்டத்தில், பாதி ஆட்டம் முடிந்ததும் ஒரு நடுவரை மாற்றிவிட்டார்கள். அவர் சட்டனூகாவில் முதுகலைப் பட்டம் பெற்றவர் என்பது அப்போதுதான் தெரியவந்தது. அவர் தவறாக விசில் ஊதினார் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. என்றோ அங்கே படித்தவர் என்னும் ஒரே காரணம் போதுமானதாயிற்று. இது சரியான செயலே. ஆனால் இதிலிருந்து நாம் நம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டாமா? என்றோ பெற்ற ஒரு பட்டம், ஒருவரை நடுவராக இருக்கத் தகுதியற்றவராக்கும் என்றால், அணியின் வண்ணத்தை உடுத்திக்கொண்டு, அதன் வெற்றிக்காகத் தொண்டை வறளக் கத்துகிற ஒருவருக்கு, தீர்ப்புக் கூறும் தகுதி எங்கிருந்து வந்தது?

அப்படியானால் பார்வையாளர் வாயே திறக்கலாகாதா? நடுவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதுதான் நடுநிலையா? இல்லை. அநீதியைக் கண்டு மௌனமாயிருப்பதும் ஒரு சார்புதான்; அது வலியவன் பக்கம் சார்வது. நடுவர்கள் பிழை செய்வதுண்டு, விதிகளும் பிழையாவதுண்டு. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நீதிக்காக எழும் குரலையும், வெற்றிக்காக எழுந்து நீதியின் ஆடையைப் போர்த்துக்கொண்ட குரலையும் பிரித்தறிவது எப்படி?

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வோம். 2024 மார்ச் 31ஆம் நாள் போர்ட்லாந்து நகரில், வடக்குக் கரோலினா மாநில அணியும் டெக்சஸ் அணியும் ஆட இருந்தன. மூன்று புள்ளி பெறுவதற்குரிய வளைகோடு, திடலின் ஒரு முனையில் இருந்த தூரம் மறுமுனையில் இல்லை என்பது ஆட்டம் தொடங்கும் முன்னர் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு முனையில் ஏறத்தாழ 9 அங்குலம் குறைவு. அத்திடலில் அதற்கு முன் பல ஆட்டங்கள் அப்படியே நடந்து முடிந்திருந்தன! இரு பயிற்சியாளர்களையும் அழைத்துப் பேசினார்கள்; இருவரும் உள்ளபடியே ஆடிவிடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பாதி ஆட்டத்துக்குப் பின் அணிகள் பக்கம் மாறும் ஆதலால், குறை இருவருக்கும் பொதுவாயிற்று. வடக்குக் கரோலினா 76-66 என்று வென்றது. இங்கே ஒரு பிழை இருந்தது. அளவுகோல் வைத்து எவரும் அளக்கக்கூடிய பிழை. அதைச் சொன்னதில் சார்பு இல்லை. அதனை யாருக்கும் சாதகமாக்கிக்கொள்ளாமல் இரு சாராரும் ஏற்றதில் பெருந்தன்மையும் இருந்தது.

மற்றொரு நிகழ்ச்சி நம் வீட்டுப் பெண்களுக்கு நெருக்கமானது. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில். அதே நகரில் வளர்ந்த முஸ்லிம் பெண் பில்கிஸ் அப்துல் காதிர். முடியையும் கைகால்களையும் மறைத்தவாறே ஆடி, மெம்பிஸ் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் விளங்கினார். கல்லூரி ஆட்டத்தின் முதல் நிலைப் பிரிவில் ஹிஜாப் அணிந்து ஆடிய முதல் பெண் அவரே. கல்லூரி முடிந்து 2014இல் தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்ல எண்ணியபோது, பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதி குறுக்கே நின்றது. தலையை மறைக்கும் துணிக்கு அதில் இடமில்லை. அவர் நடுவர் எவரையும் ஏசவில்லை. விதியை மாற்ற வேண்டும் என்று கேட்டார். மற்றவர்களும் சேர்ந்து கேட்டார்கள். 2017இல் விதி மாற்றப்பட்டது. அதற்குள் அவருடைய ஆடும் பருவம் கடந்துவிட்டது. கிடைத்த நீதியின் பயன் அவருக்கன்று. பின்னால் வரும் பெண்களுக்கு. அந்த விதிமாற்றம் முஸ்லிம் பெண்களுக்கு மட்டும் உரியதும் அன்று. தலைப்பாகை அணிவோர்க்கும், தலையை மூடும் வழக்கமுள்ள பிறர்க்கும் அதே கதவு திறந்தது.

இங்கே நாம் தேடிய அளவுகோல் கிடைத்துவிடுகிறது. தனக்கு மட்டும் கேட்பது சலுகை. எல்லார்க்கும் கேட்பது நீதி. தான் தோற்ற நாளில் மட்டும் எழும் முறையீடு வெறும் வலி. தான் வென்ற நாளிலும் எழுமானால் அது நியாயம். ‘அந்த விசில் தவறானது’ என்று சொல்லப் புகுமுன் ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்: இதே விசில் என் அணிக்கு வெற்றியைத் தந்திருந்தால், இதே சொல்லை இதே குரலில் சொல்லியிருப்பேனா? ‘ஆம்’ என்று உள்ளம் கூசாமல் சொல்லுமானால், தாராளமாகப் பேசலாம். உள்ளம் தயங்குமானால், நாவும் சற்றுத் தயங்கட்டும்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காகக் கூடும் கூட்டத்தின் ஆரவாரந்தானே, இதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். ஆரவாரத்தோடு நின்றிருந்தால் நாமும் எழுதியிருக்க மாட்டோம். பெண்கள் ஆடும் கூடைப்பந்தை நெடுங்காலம் உலகம் பொருட்படுத்தவில்லை. ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை பெண்களுக்கென்று விதிகளைத் திருத்தி இவ்வாட்டத்தைக் கற்பித்தது 1892இல்; ஆனால் இன்றுள்ள தேசியப் போட்டி பெண்களுக்கென்று தொடங்கியது 1982இல்தான். 2024இல் நிலைமை தலைகீழாயிற்று. அவ்வாண்டு தெற்குக் கரோலினா 87-75 என்று ஐயோவாவை வென்ற இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டோர் 1 கோடியே 80 இலட்சத்துக்கும் அதிகம்; ஆண்களின் இறுதி ஆட்டத்தைக் கண்டோர் ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம். கவனிப்பாரற்றுக் கிடந்தது ஒரு துன்பம். கவனிப்பு வந்தபோது அதன் கையைப் பிடித்துக்கொண்டு வசையும் வந்தது மற்றொரு துன்பம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2024இல் வெளியிட்ட ஆய்வொன்று, கூடைப்பந்தாடும் பெண்களுக்கு வந்த மிரட்டல்கள் ஆண்களுக்கு வந்தவற்றைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு என்று காட்டியது. விளையாட்டின்மீது பணம் கட்டுவதைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்துவந்த சட்டத்தை 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியபின், பல மாநிலங்களில் சூதாட்டம் சட்டப்படியே நடக்கலாயிற்று. அணியின்மீது வைத்த அன்பு ஒரு பங்கு கண்ணை மறைத்தால், பந்தயத்தில் வைத்த பணம் பத்துப் பங்கு மறைக்கும். பணம் இழந்தவனுக்கு நடுவர் திருடராகத் தெரிகிறார். பந்தைத் தவறவிட்ட இருபது வயதுப் பெண் துரோகியாகத் தெரிகிறாள். ‘நான் நியாயந்தான் கேட்கிறேன்’ என்று எண்ணிக்கொண்டே அவன் ஒரு வீட்டுப் பெண்ணை மிரட்டுகிறான். நியாயம் என்னும் சொல் இத்தனை மலிந்துபோகலாமா?

இந்தப் பெருங்கூச்சலுக்கு நடுவே, கிளீவ்லாந்தில் தோற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நினைவிற்கொள்வது நலம். தம்மீது விசில் ஊதப்பட்ட எட்வர்ட்ஸ், தம் கணிப்பில் அத்திரை தூய்மையாகவே இருந்தது என்று மறைக்காமல் சொன்னார். அவருடைய தோழி பேஜ் பெக்கர்ஸோ, ஒரே ஒரு நிகழ்ச்சி ஓர் ஆட்டத்தின் வெற்றியையோ தோல்வியையோ முடிவு செய்துவிடாது என்ற கருத்தைச் சொன்னார். பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மாவும், திரையிடுவதில் ஃபவுல் காண விழைந்தால் ஒவ்வொரு முறையும் காணலாம் என்று தம் மனக்குறையை மறைக்காமல் காட்டினார். இதுவன்றோ நேர்மை! தனக்குத் தோன்றியதை மறைக்கவுமில்லை. தோன்றியதைக் கொண்டு தன் குறைகளை மூடிக்கொள்ளவுமில்லை. நாற்பது நிமிட ஆட்டத்தில் தவறவிட்ட பந்துகள் எத்தனை, தளர்ந்த நொடிகள் எத்தனை என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். அதனால் அவர்களால் அடக்கமாகப் பேச முடிந்தது. ஆடாதவர்களுக்கு அந்த ஒரு விசில் மட்டுமே தெரிந்தது.

நாம் பெரும்பாலும் அந்தத் திடலைக் கண்டதில்லை. அந்த அணிகளோடு நமக்கு உறவுமில்லை. ஆயினும் அந்த விசில் நம் இல்லங்களிலும் ஒலித்துக்கொண்டேயிருக்கிறது. பிள்ளைகள் இருவர் சண்டையிட்டு வருகிறார்கள். யார் முகத்தைப் பார்த்தபின் தீர்ப்புச் சொல்கிறோம்? மகளைக் கணவன் வீட்டார் கடிந்தால் கொடுமை. மருமகளை நாம் கடிந்தால் அறிவுரை. தம்பி கடன் வாங்கித் திருப்பித் தராவிட்டால் பாவம், அவனுக்கு நெருக்கடி. அடுத்த வீட்டுக்காரர் தராவிட்டால் நாணயமற்றவர். எத்தனை முறை நாம் ஐயோவாவாகவும், எத்தனை முறை கனெக்டிகட்டாகவும் மாறி மாறி நின்றிருக்கிறோம்!

நேசிப்பதை விட்டுவிட வேண்டியதில்லை. சார்பே இல்லாத உள்ளம் கல்லுக்குத்தான் உண்டு. ஆனால் நேசிப்பவன் தன் நேசத்தை அறிந்திருக்க வேண்டும். எடை போடும்போது அதைத் தட்டிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிடத் தெரிந்திருக்க வேண்டும். தூக்கிப் பிடிக்கும் முன் வெறுந்தட்டு சமமாக நிற்கிறதா என்று பார்ப்பவனே நல்ல வணிகன். நீதத்தை விரும்புகிறவனுக்கும் முதல் வேலை அதுவே.